முன் இருக்கைப் பெண்ணின் பதில்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் அந்தப் பெண் எனக்கு முன் இருக்கையில் தன் மாமாவோடு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான உடம்பு. மூக்குக்கண்ணாடியை ஓயாமல் ஏற்றிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணத்துல யாராச்சும் கேட்டா மெட்ராஸ்ல படிக்கிறேன்னு சொல்லு. கவர்மென்ட் காலேஜ்னா எளக்காரமா பாப்பாங்க," என்றார் மாமா.

சிப்காட் நிறுத்தத்தில் அவர்களுடைய சொந்தக்காரர் ஒருவர் ஏறினார். வந்ததும் வராததுமாக, "எந்த காலேஜும்மா?" என்று கேட்டார். மாமா அவளை முறைத்தார்.

"நம்மூரு கவர்மென்ட் காலேஜ்தான் பெரியப்பா. மெட்ராஸ்ல சீட்டு கெடச்சுது, நான்தான் வேணாம்னுட்டேன். இங்க கெமிஸ்ட்ரி நல்லா சொல்லித்தராங்க. எனக்கு அதுல பெருமதான்."

சிதம்பரத்தில் இறங்கும்போதும் அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டேதான் இருந்தாள். அந்தப் பதிலைச் சொன்னபோது மட்டும் அவள் கை எப்படிக் கண்ணாடிப் பக்கம் போகாமல் இருந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.