தோடம்பழத்தோடு வந்த தகப்பன்

வாப்பா மறுமணம் செய்துகொண்டு மருதமுனைக்குப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் வாழ வேண்டும். உம்மா மவுத்தாகி ஒரு வருடம் கழிந்திருந்தது. என்னைச் சாய்ந்தமருதில் உம்மாவின் தங்கை, சாச்சியின் வீட்டில் விட்டுப் போனார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் பை நிறைய ஆரஞ்சுத் தோடம்பழத்தோடு வருவார். பிறகு சில வெள்ளிகளில் மட்டும் வந்தார். அதற்கும் பிறகு, நான் வாசலில் நிற்பதைச் சாச்சி காணாததுபோல இருக்கப் பழகிக்கொண்டார்.

எழுபதுகளின் கடைசி அது. தம்பிலுவிலில் இருந்து பஸ்ஸில் வந்து படிப்பித்த ஆங்கில டீச்சர், எங்கள் வகுப்பில் ஒரு நாவலை வாசிப்பிக்க ஆசைப்பட்டார். அதுவரை எங்களுக்கு ஆங்கிலம் என்றால் இலக்கணமும் வெற்றிடம் நிரப்புவதும்தான். அதிபருக்கு நம்பிக்கை இல்லை. ஒரு தவணை, மூன்று மாதம் பார்ப்போம், கல்வி அதிகாரி வந்து சோதிக்கட்டும், பிள்ளைகள் தேறினால் தொடரலாம் என்றார்.

டீச்சரிடம் இருந்தது ஒரே பிரதி. சொந்தக் காசில் கொழும்பில் வாங்கியது. அதைச் சவர பிளேட்டால் துண்டு துண்டாக வெட்டினார். கீழே கிடக்கும் தாளைக்கூட எடுத்து முத்தமிட்டு உயரத்தில் வைக்கிற எங்களுக்கு அது பெரும் பாவமாகப் பட்டது. ஒரு வாங்கில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு கிடைத்தது. அவர்களில் ஒருவன் அதை வீட்டில் படித்து வந்து, வகுப்புக்குக் கதையாகச் சொல்ல வேண்டும். கடைசித் துண்டு என்னிடம் வந்தது.

கப்பலில் போன தகப்பனுக்காகத் தீவொன்றில் ஒரு பையன் காத்திருக்கும் கதை அது. சாச்சி வீட்டுக் கிணற்றடியில் இருந்து படித்தேன். கடினமான சொற்களுக்கு டீச்சர் ஓரத்தில் பென்சிலால் தமிழ்க் கருத்து எழுதியிருந்தார். அந்த எழுத்து கடைசி வரி வரைக்கும் இருந்தது. கப்பல் வருகிறது. தகப்பன் அதில் இல்லை. பையன் தனியே வீடு திரும்புகிறான்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்றேன்.

“டேய், வந்தாரா இல்லையா? கெதியாச் சொல்லு மச்சான்!”

“வந்திட்டாரு” என்றேன்.

வகுப்பு கூச்சலிட்டது. முன்வாங்கில் இருந்த மீன் வியாபாரியின் மகன் மட்டும் விடவில்லை. “இவ்வளவு நாள் கழிச்சு வெறுங்கையோடயாடா வந்தாரு?”

“இல்ல. தோடம்பழம் கொண்டந்தாரு.”

ஜன்னலருகே நின்ற டீச்சர் என் பக்கம் திரும்பினார். “எத்தின பழம் தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

“ஒரு பை நிறைய, டீச்சர்.”

“சரி. இரு.”

உண்மையான முடிவை வேறொரு நாள் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருப்பார் போலும். ஆனால் கல்வி அதிகாரி அடுத்த நாளே வந்துவிட்டார். கதையின் முடிவை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். எல்லாரும் சந்தோஷமாக எழுதினார்கள். உண்மை தெரிந்த நானும் அதையேதான் எழுதினேன். அதிகாரி அந்த நாவலைத் தன் இளமையில் வாசித்தவர். தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது.

“எல்லாத் தாள்லயும் தோடம்பழம்! புத்தகத்தில எங்க இருக்கு தோடம்பழம்? ஒரு பிள்ளையும் வாசிக்கல்ல. ஆர் இதுகளுக்கு இப்படிச் சொல்லிக் குடுத்த?”

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. நான் மேசையைப் பார்த்தேன்.

“நான்தான் சேர்” என்றார் டீச்சர்.

அடுத்த கிழமை இலக்கணப் புத்தகம் திரும்பி வந்தது. தவணை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது டீச்சர் இல்லை. மலைநாட்டுப் பக்கம் இடமாற்றம் என்றார்கள். கடைசித் துண்டை அவர் என்னிடம் திருப்பிக் கேட்கவே இல்லை.

எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கையில் பிரம்படி விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் சொல்லவில்லை. அன்றைக்கு என் எண்ணம் வேறு. டீச்சர்மாரை யாரும் பிரம்பால் அடிப்பதில்லை. ஆகவே பழியை ஏற்றதில் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை என்று நினைத்தேன். இடமாற்றம் என்பதும் வாப்பா போனதைப் போலத்தான், எப்போதாவது ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார் என்று நினைத்தேன். அதனால் சில வெள்ளிகளில் சாச்சி வீட்டு வாசலை விட்டுவிட்டு, தம்பிலுவில் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன்.