செருப்போடு நடந்த ஈஸ்டர்

பேருந்து ஆம்பூரைத் தாண்டும்போது தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வந்தது. பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அது அப்பாவின் சட்டை வாடை.

அப்பா மாதனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் படியாளாக இருந்தவர். தாத்தாவும் அங்கேதான் அடிமைப்பட்டுக் கிடந்தார். ஐம்பதுகளில், எனக்கு ஏழு வயதானபோது, ஓர் ஈஸ்டருக்கு மறுநாள் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பண்ணையை விட்டு வந்துவிட்டார். ஆம்பூர் தோல் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஈஸ்டருக்குப் பழைய ஊர் வேதக்கோயிலுக்குப் போகலாம் என்றார்.

"ஆண்டவரு நம்மள அடிமத்தனத்துலேர்ந்து வெளிய கொண்டாந்தாரு. அந்த ஊர்லயே போய் ஸ்தோத்திரம் சொல்லணும்."

கோயிலுக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். அப்பா காலில் போட்டபடியே நடந்தார். பண்ணைக்காரர் தம் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

"இன்னாடா, காலுல செருப்பு?"

அம்மா என் கையை இறுக்கினாள்.

"கோயிலுக்குப் போறேங்க" என்றார் அப்பா. குனியவில்லை. பண்ணைக்காரர் ஏதோ திட்டினார். நாங்கள் நடந்தோம். பின்னால் யாரும் வரவில்லை.

கோயில் படியில் அப்பா தாமாகவே செருப்பைக் கழற்றினார்.