மூன்று பேனாவில் முப்பது நாள்

சொல்லவே வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் தீர வேண்டும். நான் செய்த காரியம் அப்படி.

என் பெயர் ஹெலன். மாதனூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கர். லைனில் வரும் ஷூவை எடுத்து, தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மணிக்கொரு தரம் பார்த்ததாக ஷீட்டில் டிக் போட வேண்டும். அவசர ஆர்டர் ஓடும் நாளில் எவளுக்கு அதற்கு நேரம்? சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் எட்டு டிக்கையும் ஒரேயடியாகப் போட்டுவிடுவோம். ஒரே பேனாவால் போட்டால் ஆடிட்டுக்கு வருகிறவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பேனாவை மாற்றி மாற்றிப் போடுவோம். புதிதாகச் சேர்ந்தவளுக்குக்கூட முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற வித்தை இது.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நான் போகும் கிளினிக்கின் டாக்டரம்மா அதட்டிப் பேசாத மனுஷி. மாத்திரை எழுதிவிட்டு ஒரு தாளையும் கொடுத்தார். அரை மணி நேரம் நடந்தேனா, எட்டு மணிக்குள் டிபன் சாப்பிட்டேனா என்று நாளுக்கு இரண்டு கட்டம்.

"தினமும் டிக் போட்டுக் கொண்டாங்கம்மா. அதை வெச்சுத்தான் மருந்து," என்றார்.

ஐந்து மணிக்கு எழுந்தால் சோறு, குழம்பு, மகள் ஜீவாவின் டிபன் டப்பா, ஜோலார்பேட்டைக்கு ரயில்வே வேலைக்குப் போகும் என் வீட்டுக்காரர் ஜான்சனுக்குச் சாப்பாடு. ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ். ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். உள்ளே குக்கர் கத்தியது. வீட்டை அப்படியே போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு ஊர் சுற்றப் போகிறாயா என்று மனசு குத்தியது. திரும்பி வந்துவிட்டேன். டிபனும் அப்படித்தான். பத்தரை மணி டீயோடு ஒரு பன், அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, மறுபடி டாக்டரிடம் போவதற்கு முந்தின சாயங்காலம் பார்த்தால், தாள் வெள்ளையாகக் கிடக்கிறது. அதை நீட்ட வெட்கமாக இருந்தது. கை பழகிய வேலையைச் செய்தது. நீலப் பேனா, கறுப்புப் பேனா, ஜீவாவின் ஜெல் பேனா. நம்ப வேண்டுமே என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடைக் கட்டத்தைக் காலியாக விட்டேன், ஆராதனைக்குப் போனதால் நடக்கவில்லையாம்! ஆண்டவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன் பாருங்கள்.

ஜீவா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா இது? நீ எப்போ நடந்த?"

"சும்மா இருடி. எல்லாரும் பண்றதுதான்."

டாக்டரம்மா தாளைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "இவ்ளோ ஒழுங்கா இருந்தும் கம்மியாகலையே. இன்னொரு மாத்திரை சேர்க்கிறேன். டிபனுக்கு முன்னாடி போடுங்க. நீங்கதான் நேரத்துக்குச் சாப்பிடுறீங்களே." வாயைத் திறக்க அதுதான் நேரம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் மாத்திரை போட்டேன், வழக்கம்போல டிபன் சாப்பிடவில்லை, அவசர ஆர்டரில் அந்தப் பன்னும் தவறிப்போனது. லைனில் நின்றபடியே உடம்பு வேர்த்துக் கொட்டியது. கையிலிருந்த ஷூ இரண்டாகத் தெரிந்தது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். கூட வேலை செய்யும் தபஸ்ஸும் என்கிற பெண் என்னைத் தூக்கி உட்காரவைத்து, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். "பயமுறுத்திட்டியேக்கா," என்று அழுதாள். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு அப்படியே பலித்தது.

அன்றைக்கே ஜான்சன் என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். போனதும் எகிறினார். "இன்னா மருந்து குடுத்தீங்க? ஆளையே சாகடிச்சிருப்பீங்க!"

டாக்டரம்மா எதிர்த்துப் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் தப்புதாம்மா. டோஸ் ஜாஸ்தி ஆயிடுச்சு. மன்னிச்சுடுங்க."

என்னிடம் மன்னிப்பு! பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"டாக்டரம்மா, நான் ஒரு நாள்கூட நடக்கல. டிபனும் சாப்பிடல. அந்த டிக்கெல்லாம் ஒரே நாள்ல உக்காந்து போட்டது."

டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏம்மா நடக்கல?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்குன்னு அரை மணி நேரம் எடுத்தா, வீட்ல இருக்கறவங்க கிட்ட திருடுற மாதிரி இருக்கும்மா," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் மருந்துச் சீட்டில் புது மாத்திரையை அடித்துவிட்டு, இன்னொரு தாளை எடுத்து நீட்டினார்.

மறுநாள் அடுப்பை ஜான்சனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். மனசு குத்தாமல் இல்லை. குத்தக் குத்தத்தான் நடந்தேன். குக்கர் விசிலை எண்ணாமல் விட்டிருப்பாரோ என்ற பயத்தில் பாதியிலேயே திரும்பினேன். நினைத்தபடியே சோறு குழைந்து கூழாகியிருந்தது. ஜீவா மூக்கைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டாள். நானும் உட்கார்ந்து, பஸ் வருவதற்குள் ஒரு தட்டு சாப்பிட்டேன்.

தாளை எடுத்தேன். டிபன் கட்டத்தில் டிக். நடைக் கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'பன்னிரண்டு நிமிஷம்' என்று எழுதினேன்.