அண்ணை எழுதி முடிக்காத விமர்சனம்

திங்கட்கிழமைக் காலைகளில் அண்ணை தொலைக்காட்சிக்கு மிக அருகே, தரைவிரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். திரையில் இரண்டு ஜப்பானிய மல்லர்கள் ஒருவர் நெஞ்சில் ஒருவர் புறங்கையால் ஓங்கி அடித்துக்கொண்டிருப்பார்கள். ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்றின் சுவர்கள் மெல்லியவை. ஒவ்வொரு அடியும் பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

அண்ணை நகர்ப்புறத்து ஜப்பானிய உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அங்கே தலைமைச் சமையற்காரருக்கு ஒசாக்காவில் இருந்த தங்கை மல்யுத்த நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்து அனுப்புவாள். அவர் பார்த்து முடித்த வீடியோ கொப்பிகள் அண்ணையின் கைக்கு வரும். தமிழ்க் கடைகளில் இலவசமாக வைக்கப்படும் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியருக்கு விளையாட்டுப் பக்கத்தை நிரப்ப ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அண்ணை அந்தப் போட்டிகளுக்கு விமர்சனம் எழுதத் தொடங்கினார். மொழி தெரியாததால், உடம்புகள் என்ன செய்தன என்பதை மட்டுமே எழுதினார்.

"ஆர் வெல்லுறது எண்டு முதலே பேசி வைச்சதுதானே, அதுக்கு என்ன விமர்சனம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முடிவைத்தான் பேசி வைச்சிருக்கினம், பிள்ளை. விழுறது உண்மையா விழுறாங்கள். தூக்கிறவன் மற்றவன்ர கழுத்துக்குப் பொறுப்பு. அதை எப்பிடிச் செய்யிறான் எண்டுதான் நான் பாக்கிறன்."

அண்ணியும் மகளும் அப்போது ஊரில் இருந்தார்கள். மகள் நடக்கப் பழகுமுன்பே அண்ணை புறப்பட்டு வந்துவிட்டார். அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் ஏதோ ஒரு அலுவலகத்தில் கிடந்தது. அந்த மாரியில்தான், இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடுகளைப் பூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தது. இங்கே எல்லாத் தமிழ் வீடுகளிலும் தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஆனால் எவருக்கும் எதுவும் தெரிந்திருக்கவில்லை. கொழும்பிலிருந்த எங்கள் மாமாவை அண்ணை திரும்பத் திரும்ப அழைத்தார். ஒவ்வொரு முறையும், "இன்னும் ஒண்டும் அறியேல்லைத் தம்பி" என்பதே பதில். வேலைக்குப் போனார், வந்தார், போட்டிகளைப் பார்த்து எழுதினார். வேறு எதையும் செய்ய அவருக்கு வழி இருக்கவில்லை.

அந்த நாட்களில் வந்த ஒரு கொப்பியை நானும் கூட இருந்து பார்த்தேன். கடைசிப் போட்டியில் மூத்தவர் ஒருவரை இளையவர் தலைக்கு மேலே தூக்கிப் பின்புறமாகச் சாய்த்தார். பிடி எங்கோ வழுக்கியது. மூத்தவர் கழுத்தில் விழுந்தார். நடுவர் மூன்று வரை எண்ணினார், மணி அடித்தது. வென்றவர் விழுந்து கிடந்தவரின் கையைப் பிடித்துத் தூக்கினார். விட்டதும் அது அப்படியே கீழே விழுந்தது. வென்றவர் முழந்தாளிட்டு அழத் தொடங்கினார். அவ்வளவோடு பதிவு நின்றுவிட்டது.

மறுநாள் அண்ணை சமையற்காரரிடம் கேட்டிருக்கிறார். அவர் அடுப்பைத் தணித்துவிட்டு, அங்கிருந்தே ஒசாக்காவுக்குப் பேசினார். மல்லருக்கு உயிர் இருக்கிறது, கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை என்று தங்கை உடனேயே சொல்லிவிட்டாளாம்.

"முன்பின் தெரியாத ஒருத்தருக்கு என்ன நடந்தது எண்டு நிண்ட நிலையில கேட்டு அறிய ஏலுது, பிள்ளை" என்றார் அண்ணை. சப்பாத்தைக் கழற்றக் குனிந்துகொண்டார்.

அந்த வார விமர்சனத்தில் மற்றப் போட்டிகளை வழக்கம்போல எழுதினார். கடைசிக்கு ஒரு வரிதான்: 'இதைப் பார்த்தேன், எழுதத் தெரியவில்லை.' ஆசிரியர் தொலைபேசியில் அழைத்து, "ஆர் வெண்டது எண்டாவது போடுங்கோ" என்றார்.

"வெண்டவரும் அழுதவர், ஐயா. என்னெண்டு போடுறது?" என்றார் அண்ணை.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் மாமா தானாகவே அழைத்தார். இடம்பெயர்ந்து போயிருந்த வன்னியில் அண்ணிக்கு மலேரியாக் காய்ச்சல் கண்டிருக்கிறது, மருந்து கிடைக்கவில்லை, கார்த்திகையிலேயே போய்விட்டா. பிள்ளை அண்ணியின் தங்கையோடு பத்திரமாக இருக்கிறாள். அண்ணை ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கார்த்திகையில நான் இஞ்ச என்ன செய்துகொண்டிருந்தனான்?"

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு அவர் யாரிடமும் கொப்பி வாங்கவில்லை.

இப்போது மகள் மார்க்கம் நகரில் தன் வீட்டில் அவரை வைத்திருக்கிறாள். மருந்து போடவில்லையென்றால், "அப்பா" என்று அதட்டுகிறாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு அவள் விமான நிலையத்தில் வந்து இறங்கிய பின்னேரம்தான் நினைவுக்கு வரும். படங்களெல்லாம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தன. தகப்பனின் முகம் அவளுக்குத் தெரியாது. கூட்டிவந்த சித்தி அவளை மெல்ல முன்னால் தள்ளி, "உது ஆர், சொல்லுங்கோ பாப்பம்" என்றாள். பிள்ளை அண்ணையை நிமிர்ந்து பார்த்தது. வெளிநாட்டில் பெரியவர்களை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அங்கிள்" என்றது.

சித்தி திருத்த வாயெடுத்தாள். அண்ணை கையால் தடுத்தார். குனிந்து, தான் கொண்டுவந்த குளிர்ச் சட்டையைப் பிள்ளைக்குப் போட்டு, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார்.

"ஓம், அங்கிள்தான். வாங்கோ, வெளியில சரியான குளிர்."