தையல்கார அத்தையின் ஓட்டு

மதியம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது: லாரி ஓட்டும் பெண் இந்த வாரமும் தொலைக்காட்சிப் போட்டி வீட்டிலிருந்து வெளியேற்றப்படவில்லை. தையல்கார அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம், "முதல்ல அவளுக்கு ஓட்டு, அப்புறம்தான் டேப்பு" என்று அடம்பிடித்து வாக்குச் சேர்த்தவள் ஆயிற்றே!

"யாரோ பெத்த பொண்ணுக்கு இந்தக் குதியா?" என்றார் மாமா.

"நீங்க என்ன, ஓட்டுப் போட்டா என்னைக் கட்டுனீங்க? அதையும் உங்கம்மாதானே போட்டாங்க!"

அந்தக் குதூகலத்திலேயே எதிர்வீட்டு டீச்சரின் சட்டைக்கு இரண்டு கைகளையும் இடதாகவே வெட்டிவிட்டாள்.

"ஐயோ அக்கா, ரெண்டும் ஒரே பக்கமா?" என்றாள் டீச்சர்.

"ஃபைனல் முடியட்டும்டி, மாத்திடறேன்" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஃபைனலுக்கு முன்பே அத்தை காலமாகிவிட்டாள். டீச்சரின் சட்டைக்கு வலது கை இன்னும் வெட்டப்படவில்லை.