வெள்ளிக்கிழமை கைமாறிய பங்குகள்

அயல்நாட்டுக்குப் பிழைக்க வந்து முப்பது வருஷம் லிஃப்ட் பழுதுபார்த்த மனுஷர் அவர். ஊரையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, தாம் மட்டும் தரைத்தளத்தில் வீடு வாங்கியிருக்கிறார் என்று மனைவி கேலி செய்வாள். கம்பெனி ஊழியர்களுக்குத் தந்த பங்குகளை இருவர் பேரிலுமாக அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார். அதோடு சும்மா இருந்தாரா? ஓய்வுபெற்றதும் மாதாமாதம் ‘கவர்ட் கால்’ விற்க ஆரம்பித்தார். விலை இன்ன அளவைத் தாண்டினாலும் பங்கை அந்த விலைக்கே தருகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்து, அதற்கு ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொள்கிற வேலை. விலை எகிறுகிற மாதிரி தெரிந்தால், கெடு முடிவதற்குள் அந்த வாக்கைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிவிடுவார். ஒரு தடவைகூடக் கோட்டை விட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விட்டார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள், போன் பைக்குள் கிடந்தது. விலை எகிறி, மாலையில் கெடு முடிந்ததும் வாக்குப்படி பங்குகள் மொத்தமும் கைமாறிவிட்டன. வந்த பணத்தை ஆஸ்பத்திரியே விழுங்கிவிட்டது.

இப்போது ஆடிட்டர் எதிரே உட்கார்ந்திருந்தார். விற்ற தொகையில் பெரும்பகுதி லாபம், அத்தனைக்கும் வரி. கட்டுவதற்கு வீட்டைத்தான் விற்க வேண்டும். அவருக்குப் பயம்கூட வரவில்லை. அழுகையாவது வந்திருந்தால் தேவலை, அதுவும் இல்லை.

தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் ஆடிட்டர் நிமிர்ந்தாள்.

"சார், உங்க வீட்டம்மா தவறினது எத்தனை மணிக்கு?"

"மதியம். ஒண்ணே கால்."

"சர்ட்டிஃபிகேட்ல நேரம் போட்டிருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவங்க போனப்புறம்தான் வித்திருக்கு. அவங்க பாதி உங்களுக்கு வந்த சொத்து. நம்ம ஊர் மாதிரி இல்ல, இந்த நாட்டுச் சட்டப்படி அதுக்கு வாங்கின விலையைப் பாக்க மாட்டாங்க, இறந்த அன்னிக்கு என்ன விலையோ அதுதான் கணக்கு. அந்தப் பாதிக்கு லாபமே இல்ல, வரியும் இல்ல. மீதியைத் தவணையில கட்டிடலாம். வீடு தப்பிச்சுது சார்! சாயங்காலம் வரைக்கும் இருந்திருந்தாங்கன்னா..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது வைத்திருங்கள் என்றுதான் அன்றைக்கு டாக்டரிடம் கெஞ்சினார். மகளின் ரயில் ஆறு மணிக்குத்தான் வந்தது. அம்மா இன்னும் அஞ்சு மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா என்று நாலு மாதமாக அவள் கேட்காத நாளில்லை.

படி இறங்கும்போது மகளே போனில் கூப்பிட்டாள்.

"என்னப்பா சொன்னாங்க? வீடு என்னாகும்?"

"வீடு இருக்கும்மா. வரி பாதியாக் கொறைஞ்சுடுச்சு."

"எப்படிப்பா?"

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தார்.

"ஏதோ சட்டமாம்மா."

"அப்பாடா, நல்லவேளை!"

"ஆமாம்மா," என்றார்.