பூட்டிய சாட்டும் பூட்டாத வாயும்

கொமினிகேஷன் கடை, அதாவது காசு வாங்கித் தொலைபேசி பேசக் கொடுக்கிற கடை, நடத்துகிறவளுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்க வேண்டும். கேட்டதில் ஒன்றும் வாய்க்கு வரக் கூடாது. மட்டக்களப்பில், கல்லடிப் பாலத்தின் டவுன் பக்க முனையில் நான் அப்படியொரு கடை வைத்திருந்தேன். சுனாமிக்குச் சற்று முன்னால் தொடங்கியது. யுத்தம் முடிந்து, கைத்தொலைபேசி எல்லார் கைக்கும் வந்து, என் கடையை விழுங்கும்வரை ஓடியது. சனத்தின் கதையைப் பத்திரமாகப் பூட்டிக் கொடுக்கிறேன் என்று புறப்பட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சொந்தக்காரரிடம் "அந்த ஆப் வேண்டாம், இதைப் போடுங்கள், இது யாரையும் ஒட்டுக்கேட்காது" என்று கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை வறண்டுபோன சக நோயாளிகளே, இது உங்களுக்காக.

பலகைப் பெட்டி

தொடக்கத்தில் இரகசியம் காக்க என்னிடம் இருந்தது ஒரு பலகைப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு தொலைபேசி. வேலைக்குப் போனவர்கள் இருக்கிற கட்டார் நாடு வெகுதூரம் என்பதால் கத்தித்தான் கதைக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. வரிசையில் நிற்கிறவர்களுக்கு வானொலி நாடகம் கேட்ட மாதிரி இருக்கும்.

ஒருநாள் நாவற்குடாப் பெண் ஒருத்தி வெளிநாட்டில் இருந்த புருஷனோடு பிடித்த சண்டையில் வரிசையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் அவள் பக்கம், மீதிப் பேர் அவளுடைய மாமியார் பக்கம். கத்தினாள், அழுதாள், பிறகு என்னவோ கேட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவளின் கையை முன்னால் நின்ற மீன்காரி பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னதெல்லாம் கேட்டம்கா. அவர் என்ன சொன்னவர் எண்டும் சொல்லிப்போட்டுப் போ. நாங்க பாதிக் கதையோட நிக்கிறம்."

ஒரு வசனம்

கடல் வந்து கல்லடிக் கரையைத் தின்றுவிட்டுப் போனது. வாவித் தண்ணீர் என் கடைப் படிவரைக்கும் ஏறி, என்னை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பியது. தொலைபேசி மறுபடி உயிர் பெற்றபோது வரிசை பாலம்வரைக்கும் நின்றது. ஆளுக்கு ஒரு வசனம்தான், மற்றவர்களும் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டேன். பெட்டிக் கதவை யாரும் சாத்தவில்லை. சாத்த வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை.

யாரோ கொடுத்த பெரிய சேர்ட்டோடு ஒருவர் உள்ளே போனார். கடற்கரையோரம் வீடு இருந்தவர். தம்பி கனடாவில். நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். எடுத்தார், இரண்டு சொல் சொன்னார், வைத்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "அண்ணன், நீங்க இன்னும் கதைக்கலாம். திருப்பி எடுத்துத் தரட்டா?" என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காணும் தங்கச்சி, போதும். 'நான் இரிக்கிறன்' எண்டு சொன்னன். மத்த ஆக்கள அவன் கேக்கல்ல. நானும் சொல்லல்ல."

ஐஸ் கம்பெனிக்காரர்

பிறகு நிவாரண வேலைக்கென்று ஊருக்குள் வெள்ளைக்காரரும் ஜீப்புகளும் வந்தார்கள். அவர்களை நம்பி நானும் நாலு கம்பியூட்டர் வாங்கி, போர்டை 'நெட் கபே' என்று மாற்றினேன். கம்பியூட்டர் திருத்துவதற்கென்று தவம் வேலைக்குச் சேர்ந்தான். கையைவிட வாய் வேகமானவன். வெள்ளைக்காரர் வந்ததைவிட, கணினியில் எழுதிக் கதைத்தால் செலவு குறைவு என்று கண்டுபிடித்த, புருஷன் வளைகுடாவில் இருக்கிற மனைவிமார்தான் அதிகம் வந்தார்கள். எழுதிக் கதைக்கிற அந்த வசதிக்குப் பெயர் சாட்; ஊர் உலகம் எல்லாம் பாவிக்கிற சாட்டையே நாங்களும் போட்டுக் கொடுத்தோம். எழும்பும்போது அதை மூடிவிட்டு எழும்ப வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் நினைவிருக்காது.

காத்தான்குடி பரீதா ராத்தாவும் அப்படித்தான் ஒருநாள் எழும்பிப் போனார். அதே கதிரையில் ஐஸ் கம்பெனிக் கணக்கர் யோகன் வந்து உட்கார்ந்தார். தோஹாவிலிருந்து ராத்தாவின் கணவர் அன்பு பொங்க எழுதிக்கொண்டே இருக்கிறார். மூடத் தெரியாத யோகன், பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைத்து, தான் ஐஸ் கம்பெனிக் கணக்கர் என்று சொல்லி ஒரு வாழ்த்தும் எழுதிவிட்டார். அடுத்த நிமிஷம் கடைத் தொலைபேசி அலறியது. "தங்கச்சி, என்ட பொஞ்சாதிக்கு எழுதினத ஆரோ ஐஸ் கம்பெனிக்காரன் வாசிச்சுப்போட்டு, கீழ 'மாஷா அல்லாஹ்' எண்டு வேற எழுதியிரிக்கானே!"

எல்லாருக்கும் காட்டுகிற பூட்டு

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் பீற்றர். கிணறு துப்புரவாக்கும் திட்டமொன்றில் வேலை செய்த ஹாலந்துக்காரர். பின்னேரங்களில் என் கடைக்கு வருவார். எல்லாருடைய கடவுச்சொல்லும் கணினியிலேயே கிடக்கிறது, எழுதியதெல்லாம் சேமிப்பில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அவர் வேறொரு சாட்டைப் போட்டுத் தந்தார். இலவசம். எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. எழுதுவது புறப்படும் இடத்தில் பூட்டப்பட்டு, போய்ச் சேர்கிற இடத்தில்தான் திறக்கும். ஒன்றையும் சேமிக்காது. அது எப்படி வேலை செய்கிறது என்ற முழு விபரத்தையும் உலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம் என்றார்.

பூட்டின் உள்ளமைப்பை ஆயிரம் பேர் பார்த்துப் பிழை பிடித்தால்தான் பூட்டு பலமாகும், சாவி மட்டும் நம்முடையது என்று அவர் இங்கிலிஷில் விளக்க, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் நான் தவத்துக்குத் தமிழ்ப்படுத்தினேன். அவன் பீற்றரை மேலும் கீழும் பார்த்தான். "பூட்ட எல்லாருக்கும் கழட்டிக் காட்டுவாங்களாம், அதாலதான் அது நல்ல பூட்டாம். அக்கா, இவர்ட நாட்டில கள்ளனே இல்லையா?"

பச்சை விளக்கு

புதிய சாட்டில் ஆள் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். எனக்கு இரண்டு விளக்கு எரிந்தன. ஒன்று பீற்றர். மற்றது தவம். வாடிக்கையாளர்களிடம் அதன் பெருமையைச் சொன்னால், "அதில எங்கட ஆக்கள் இரிக்காங்களா?" என்று கேட்பார்கள். இல்லை, நீங்கள் வந்தால் அவர்களும் வருவார்கள் என்பேன். அவர்கள் வரட்டும், பிறகு வருகிறோம் என்பார்கள். உங்களுக்குத் தெரியாத பதிலா இது?

பீற்றரும் ஊருக்குப் போன பிறகு, உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான வழியில் நானும் தவமும் ஒரே அறைக்குள் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் அவன் எழுதாமல் நேரே திரும்பிச் சத்தமாகவே கேட்டான். "அக்கா, தேத்தண்ணி வேணுமா எண்டு கேக்கிறதுக்கும் பூட்டித் திறக்கத்தான் வேணுமா?"

தோஹாவில் இருப்பவர் யார்?

முதலில் மனம் மாறியது பரீதா ராத்தாதான். ஐஸ் கம்பெனிக்காரர் மறுபடி வாழ்த்துச் சொல்லுவதை அவர் கணவர் விரும்பவில்லை. புதிய சாட்டில் ஒரு வசதி இருந்தது. அந்தப் பக்கம் எழுதுகிறவர் உண்மையிலேயே அவர்தானா என்று பார்க்க, இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த கேள்வியொன்றைக் கேட்கலாம். விடை சரி என்றால் 'நம்பலாம்' என்று காட்டும். பிழைத்தால் நம்பாது. ராத்தா யோசிக்கவே இல்லை. 'நிக்காஹ் அண்டைக்கு நான் என்ன நிறச் சாரி?' என்று கேட்டார்.

சிவப்பு என்று வந்தது. பிழை. பச்சை. பிழை. பிறகு தோஹாவிலிருந்து கடைகளில் கிடைக்கிற நிறமெல்லாம் வரிசையாக வந்தன. இந்த ஆளை நம்ப முடியாது என்பதில் கணினி உறுதியாக நின்றது. ராத்தாவின் முகம் போன போக்கைப் பார்த்து நான் தலையிட்டு, கேள்வியை மாற்றுவோம், அவருடைய உம்மாவின் கையால் அவருக்கு எந்தக் கறி பிடிக்கும் என்று கேளுங்கள் என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் சரியான விடை வந்தது. ஆள் அவர்தான் என்று நான் மகிழ்ச்சியோடு சொன்னேன். ராத்தா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "மெசின் இப்ப அவர நம்புது தங்கச்சி. நான் இனித்தான் யோசிக்கணும்."

வாய்ப்பூட்டு

சண்டை வடக்கே வாகரைக்கு வந்தபோது அங்கிருந்த சனம் காட்டாலும் கடலாலும் நடந்தும் நீந்தியும் எங்கள் பக்கம் வந்து முகாம்களில் இருந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் வள்ளியம்மை. புருஷனையும் மகளையும் சுனாமி கொண்டுபோயிற்று. மிஞ்சியது ரூபன் என்ற மகன். அவனை விசாரித்து ஆட்கள் வரத் தொடங்கியதும், இருந்த நகையெல்லாம் போட்டு அவனை மலேசியாவுக்கு அனுப்பிவிட்டார். அவன் எங்கே என்று முகாமில் கேட்டால் 'தெரியா' என்பார். அந்த ஒரு சொல்லில்தான் அவன் உயிர் இருப்பதாக நம்பினார்.

இந்தச் சாட்டுக்காகவே பிறந்த ஆள் கிடைத்துவிட்டதென்று எனக்கு உற்சாகம். மூலைக் கணினியில் அவரை உட்கார வைத்து, பூட்டு, சாவி, சேமிக்காமை எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நான்தான் எழுத வேண்டும். நான் விசைப்பலகையில் கை வைத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கம்பியூட்டர் பூட்டும் எண்டு சொல்றாய், சரி. ஆனா நீதானே புள்ள வாசிக்கிறாய், நீதானே எழுதுறாய்? உன்ட வாய ஆரு பூட்டுற?"

சுத்தமான கடை

என்னத்தைக் கண்டு நம்பினாரோ, அதன் பிறகு வாராவாரம் வந்தார். என் காதோடு சொல்வார், நான் எழுதுவேன். ஒருநாள் அவர் எழும்பிப்போன சூடு கதிரையில் ஆறவில்லை, இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அந்தக் காலத்தில் பெயர் சொல்லாமல் வருகிறவர்களிடம் பெயர் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. வாகரை முகாம் ஆட்கள் இங்கே வந்து யாரோடு கதைக்கிறார்கள் என்று கேட்டார்கள். வருவார்கள், கதைப்பார்கள், போவார்கள் என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

மூலைக் கணினியைத் திறக்கச் சொன்னார்கள். தவம் திறந்தான். அதில் ஒன்றுமில்லை. தேடினார்கள். ஒரு பெயர் இல்லை, ஒரு வசனம் இல்லை. பீற்றர் இருந்திருந்தால் கை தட்டியிருப்பார். வயதில் மூத்தவர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "மத்தக் கடையெல்லாம் குப்பையாக் கிடக்கு. உங்கட கடை மட்டும் ஏன் தங்கச்சி இவ்வளவு சுத்தம்?"

சுதாவும் குமாரும்

திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வள்ளியம்மையைக் கடைப்பக்கம் வர வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னேன். ரூபனுக்கு நானே எழுதி, அவன் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு, மரக்கறி வாங்கும் சாக்கில் முகாமுக்குப் போய் அவர் காதில் போட்டுவிட்டு வருவேன். இதற்கிடையில் தவம் ஒரு வழி சொன்னான். குப்பை இல்லாததுதான் குற்றமென்றால், குப்பை போடுவோம். எல்லாரும் பாவிக்கிற பழைய சாட்டில் இரண்டு பெயரை உண்டாக்கி, எழுதுவதெல்லாம் சேமிப்பில் விழும்படி செய்தோம். அவன் தோஹாவில் இருக்கும் குமார். நான் சித்தாண்டியில் இருக்கும் சுதா. சாதகம் பொருந்தவில்லை, வீட்டில் சம்மதமில்லை, குமாரின் அக்கா சரியான பொல்லாதவள். வேலை இல்லாத பகலெல்லாம் எழுதித் தள்ளினோம்.

அவர்கள் வந்தார்கள், தேடினார்கள், கண்டெடுத்தார்கள். வெகுநேரம் வாசித்தார்கள். வாகரை முகாம் பேச்சே எடுக்கவில்லை. பிறகும் ஒருமுறை வந்து வாசித்தார்கள். அதன் பிறகு நீண்டகாலம் ஆளைக் காணவில்லை. ஒரு காலையில் மூத்தவர் மட்டும் தனியாக வந்தார். அவர் கணினிப் பக்கம் போகவில்லை. வாசலிலேயே நின்று, தலையைச் சொறிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தங்கச்சி, எனக்கு வேற இடத்துக்கு மாத்தம். அந்தச் சித்தாண்டிப் புள்ளைக்குக் கடைசியில கலியாணம் சரிவந்ததா?"

முடிந்த பிறகு

யுத்தம் முடிந்தது. வள்ளியம்மை வாகரைக்குத் திரும்பி, தகரக் கூரை போட்டு இருந்துகொண்டார். கணினியில் படம் போட்டு ஊரைக் கூட்டுகிற பக்கங்களுக்கு எல்லாரும் பாய்ந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் பஸ் ஏறி என் கடைக்கு வந்தார். ரூபன் அதில் சேர்ந்துவிட்டானாம், படம் பார்க்க வேண்டுமாம். தேடினேன். வந்துவிட்டான். முழுப்பெயர், முகம், வேலைத்தலம், இருக்கிற தெரு, தொலைபேசி நம்பர், கம்பெனிச் சட்டையில் பெயர்ப் பட்டி. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எனக்குப் பதறியது. எத்தனை காலம் இந்தப் பெயரை நான் தொண்டைக்குள் வைத்துக் காத்தேன்! "அம்மா, இதையெல்லாம் மறைக்கச் சொல்லுங்க, எல்லாரும் பாப்பாங்க" என்றேன். அவர் அதற்குள் பக்கத்துக் கதிரைக்காரர், போட்டோக் கொப்பிக்கு நின்றவர், பாதையில் போன ஐஸ்பழக்காரர் எல்லாரையும் கூப்பிட்டு, திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பியபோது கண் நிறைந்திருந்தது. "இவ்வளவு காலமும் என்ட புள்ளைட பேர நான் வாய்க்குள்ளயே வெச்சிருந்தன்கா. பாக்கட்டும் விடு, ஊரே பாக்கட்டும்."

சனம் பயம் வந்தால் பூட்டைத் தேடி ஓடி வரும், சந்தோஷம் வந்தால் கதவையே கழற்றி வைக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்று சாவியின் அருமையை விளக்குகிற நம்மைப் போன்றவர்களைத்தான் ஊரில் விசர் பிடித்தவர்கள் என்கிறார்கள்.